ஐஸ் பெட்டிக்குள்ள சென்சார் வைக்கிறதுக்கு முன்னாடி

எந்தக் காலேஜ் ப்ராஜெக்ட் எக்ஸ்போவுக்குப் போனாலும் இந்த ஸ்டாலை நீங்க பார்க்கலாம். ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஒரு டெம்பரேச்சர் சென்சார். மூடி மேல ஒரு போர்டு, பக்கத்துல ஒரு போன். போன் ஸ்கிரீன்ல பச்சைக் கலர்ல ஒரு நம்பர். போஸ்டர்ல "மீனவர்களுக்கான ஸ்மார்ட் ஐஸ் பெட்டி"ன்னு ஒரு தலைப்பு. அந்த ஸ்டால்ல நிக்கிறவங்ககிட்ட நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: உள்ளே ஐஸ் இருக்கிற வரைக்கும் இந்த நம்பர் மாறுமா?

மாறாது. ஐஸ் உருகுறப்போ வெப்பநிலை 0 டிகிரியிலேயே நிக்கும். இது நாம பள்ளிக்கூடத்துலயே படிச்சது, பேர் உள்ளுறை வெப்பம். ஐஸுக்குள்ள புதைச்சு வெச்ச சென்சார், பெட்டி நல்லா இருந்தாலும் 0 காட்டும், சுவர்ல ஓட்டை விழுந்து ஐஸ் வேகமா கரைஞ்சுக்கிட்டு இருந்தாலும் 0 காட்டும். கடைசித் துண்டு கரைஞ்ச பிறகுதான் நம்பர் ஏறும். அப்போ போன்ல அலாரம் அடிக்கும். அந்த நேரத்துக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தாலே தெரியும், ஐஸ் இல்லைன்னு.

சென்சார் மேல தப்பு இல்லை. கேள்விதான் தப்பு. "உள்ளே வெப்பநிலை என்ன?" என்பது ஒரு கேள்வி. "உள்ளே எவ்வளவு வெப்பம் வருது, எங்கிருந்து வருது?" என்பது வேற கேள்வி. ஐஸுக்குக் காசு கொடுக்கிறவருக்கு வேண்டியது ரெண்டாவது கேள்விக்கான பதில். நாம முதல் கேள்விக்கே பதில் சொல்லிட்டு மார்க் வாங்கிட்டுப் போயிடுறோம்.

இதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு நான் நினைக்கலை. நமக்குக் கத்துக்கொடுக்கிற முறைதான் காரணம். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல வர்ற கணக்குகளைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. "இத்தனை வாட் ஹீட்டர், இத்தனை மில்லிமீட்டர் காப்பு, கடத்துதிறன் இவ்வளவு; வெப்பநிலையைக் கண்டுபிடி." காரணத்தைக் கையில கொடுத்துட்டு விளைவைக் கேட்பாங்க. வெளி உலகத்துல எல்லாம் தலைகீழா நடக்குது. விளைவு நம்ம கையில இருக்கும், காரணம் மூடின பெட்டிக்குள்ள இருக்கும். வெப்பநிலையை அளந்து, அதிலிருந்து பின்னோக்கிப் போய், கண்ணுக்குத் தெரியாத வெப்ப மூலத்தைக் கண்டுபிடிக்கணும். இதுக்கு இன்வெர்ஸ் ப்ராப்ளம்னு பேர். தமிழ்ல தலைகீழ்க் கணக்குன்னு வெச்சுக்கலாம். நாலு வருஷத்துல ஒரு தடவையாவது நாம இதைச் செஞ்சிருக்கணும். பெரும்பாலானவங்க செய்யாமலே வெளியே போறோம்.

எங்க ஊரை வெச்சே சொல்றேன். எளாவூர், சென்னையிலிருந்து கூடூர் போற ரயில் பாதையில கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். பலருக்கு நெடுஞ்சாலையில இருக்கிற செக்போஸ்ட்டாத்தான் இந்தப் பேர் தெரியும். ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இறால், நண்டு, மடவைன்னு ஏரியை நம்பியே வாழுற குப்பங்கள் அதைச் சுத்தி நிறைய. பிடிச்ச மீன் வெயில்ல ரொம்ப நேரம் தாங்காது. அதனால மீன் எங்கே போகுதோ அங்கே ஐஸும் கூடவே போகும். ஐஸுக்குப் போற ஒவ்வொரு ரூபாயும் மீன் வித்த காசிலிருந்து கழியுற ரூபாய்.

இப்போ ஒரு பெட்டியை எடுத்துக்கலாம். சுவர்ப் பரப்பு மொத்தம் ஒன்றரை சதுர மீட்டர், தெர்மாகோல் தடிமன் 25 மில்லிமீட்டர். வெளியே 33 டிகிரி, உள்ளே 0. தெர்மாகோலின் கடத்துதிறன் சுமார் 0.035. நமக்குத் தெரிஞ்ச ஃபார்முலாவுல போட்டா சுவர் வழியா உள்ளே வர்ற வெப்பம் கிட்டத்தட்ட 70 வாட். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேணும். அதாவது 70 வாட் என்பது மணிக்கு முக்கால் கிலோ ஐஸ். எட்டு மணி நேரத்துக்கு 6 கிலோ.

அடுத்தது மீன். 20 கிலோ மீனை 30 டிகிரியில பெட்டிக்குள்ள போடுறோம்னு வைங்க. அது 0 டிகிரிக்கு வர ஏறத்தாழ 2,160 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடணும். அதுக்கு ஆறரை கிலோ ஐஸ் கரையும். அப்போ அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற பெரிய "ஹீட்டர்" மீனேதான்!

மூணாவது, மூடியைத் திறக்கிறது. எல்லாரும் முதல்ல திட்டுறது இதைத்தான்: "சும்மா சும்மா திறக்காதே, ஐஸ் போயிடும்." கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டிக்குள்ள 100 லிட்டர் காற்று இருந்து, ஒரு தடவை திறந்ததுல அது முழுசும் வெளிக்காற்றா மாறிடுச்சுன்னாலும், ஏரிக்கரை ஈரப்பதத்தையும் சேர்த்து அது கொண்டு வர்ற வெப்பம் சுமார் 9 கிலோஜூல். கரையுறது 30 கிராம் ஐஸ் கூட இல்லை. மீனும் ஐஸும் நிறைஞ்ச பெட்டியில காற்றுக்கு இடமே கம்மி, அதனால இன்னும் குறையும். திறந்தபடியே வெச்சுட்டுப் போனா கதை வேற. டக்குனு திறந்து மூடினா, 20 தடவை திறந்தாலும் அரை கிலோவைத்தான் சுத்தி வரும்.

இந்த மூணு நம்பரும் சேர்ந்து ஒரு விஷயம் சொல்லுது பாருங்க. எட்டு மணி நேரம் கழிச்சு பெட்டியிலிருந்து 13 கிலோ தண்ணி வடிஞ்சுதுன்னா, அதுல பாதி சுவரோட வேலை, பாதி மீனோட வேலை, மூடிக்குக் கொஞ்சம். ஆனா தண்ணிக்கு அது தெரியாது. தண்ணி மொத்தமா 13 கிலோன்னு மட்டும்தான் சொல்லும். 10 சுவர், 3 மீன்னு பிரிச்சாலும் 13தான். 3 சுவர், 10 மீன்னு பிரிச்சாலும் 13தான். ஒரு அளவு, மூணு தெரியாத காரணம். தலைகீழ்க் கணக்கோட முதல் சிக்கல் இதுதான். ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் பொருந்தும்.

அப்போ எப்படிப் பிரிக்கிறது? இன்னொரு சென்சார் வாங்கி அல்ல, சோதனையை மாத்தி அமைச்சு. ஒரு ராத்திரி மீன் இல்லாம ஐஸ் மட்டும் போட்டு மூடி வைங்க. வடியுற தண்ணி முழுக்க சுவரோட கணக்கு. அடுத்து மீனோட வைங்க, வடிகிற தண்ணியை மணிக்கு ஒரு தடவை எடை போடுங்க. மீனோட வெப்பம் ஆரம்பத்துல அதிகமா வந்து போகப்போகத் தேயும். சுவர்க் கசிவு கடைசி வரைக்கும் ஒரே சீரா வரும். வரைபடத்துல கடைசிப் பகுதி தட்டையா போற உயரம் சுவர், அதுக்கு மேல நிக்கிற மேடு மீன். தேவையானது ஒரு தராசு, ஒரு பக்கெட், ஒரு கடிகாரம்.

இந்த யோசனை என்னோடது இல்லை, 240 வருஷம் பழசு. 1782–83 குளிர்காலத்துல பாரிஸ்ல லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியை ஐஸ் சூழ்ந்த பாத்திரத்துக்குள்ள வெச்சு, அது எவ்வளவு வெப்பம் வெளியிடுதுன்னு உருகின தண்ணியை வெச்சே அளந்தாங்க. அதுல ஒரு அழகான தந்திரம் இருக்கு. உள் அடுக்கு ஐஸுக்கு வெளியே இன்னொரு அடுக்கு ஐஸ். அறையிலிருந்து வர்ற வெப்பம் வெளி அடுக்கைக் கரைச்சுட்டு அங்கேயே முடிஞ்சுடும், அந்தத் தண்ணிக்குத் தனி வழி. உள் அடுக்குல வடியுற தண்ணி முழுக்க அந்த விலங்கோட வெப்பம். ரெண்டு காரணங்களைக் கணக்குல பிரிக்கிறதுக்கு முன்னாடி கருவியிலேயே பிரிச்சுட்டாங்க. நாம எக்ஸ்போவுல வைக்கிற பெட்டியைவிட அந்தப் பாத்திரம் ஸ்மார்ட்னு சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

நம்ம சென்னைக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. திருவல்லிக்கேணிப் பக்கம் "ஐஸ் ஹவுஸ்"னு சொல்ற இடம் தெரியுமில்ல? இன்னிக்கு விவேகானந்தர் இல்லமா இருக்கிற அந்தக் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பல்ல வந்த ஐஸைச் சேமிக்க 1842-இல் கட்டினது. அந்த வியாபாரத்தை நடத்தின ஃபிரெடெரிக் டியூடர் 1833-இல் முதல் தடவையா பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 180 டன் ஐஸ் அனுப்பினார். நாலு மாசப் பயணம், நடுவுல பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டணும். போய்ச் சேர்ந்தது சுமார் 100 டன். இந்த ரெண்டு எடையையும் நாட்களையும் மட்டும் வெச்சு நீங்களே தலைகீழாப் போட்டுப் பாருங்க: 80 டன் ஐஸ் உருக வேண்டிய வெப்பத்தை நாலு மாச நொடிகளால வகுத்தா, சராசரியா சுமார் இரண்டரை கிலோவாட். ரெண்டு எலக்ட்ரிக் கெட்டில் இழுக்கிற அளவு கூட வராது. கப்பல்ல ஒரு தெர்மாமீட்டர் இருந்துச்சா இல்லையான்னு தெரிய வேண்டிய அவசியமே இல்லாம, அதோட காப்பு எவ்வளவு நல்லா வேலை செஞ்சுதுன்னு சொல்லிட முடியுது.

"ஐஸ் இல்லாத இடத்துல என்ன பண்றது? அங்கே வெப்பநிலையை மட்டும்தானே அளக்க முடியும்?"னு நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. அங்கேதான் ரெண்டாவது சிக்கல் வருது.

நம்ம பெட்டிச் சுவருக்குள்ளேயே ரெண்டு சென்சார் பதிக்கிறோம்னு வைங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வெப்பநிலை வித்தியாசத்தை வெச்சு வெப்ப ஓட்டத்தைக் கணக்கிடலாம். ப்ராஜெக்ட்டுக்கு நாம வழக்கமா வாங்குற டிஎஸ்18பி20 சென்சாரோட துல்லியம் அரை டிகிரி முன்னே பின்னே. சுவர் 25 மில்லிமீட்டர், மொத்த வித்தியாசம் 33 டிகிரி. சென்சார்களை 5 மில்லிமீட்டர் தள்ளி வெச்சா நடுவுல 6.6 டிகிரி வித்தியாசம் வரும். ரெண்டு சென்சாரும் எதிரெதிர் பக்கம் தப்பினா பிழை 1 டிகிரி, அதாவது 15 சதவீதம். பொறுத்துக்கலாம். அதையே 1 மில்லிமீட்டர் தள்ளி வெச்சா வித்தியாசம் 1.3 டிகிரி, பிழை அதே 1 டிகிரி. பதில் 70 வாட்டா 15 வாட்டா 120 வாட்டான்னே தெரியாது. போன் மட்டும் எப்பவும்போல ரெண்டு தசம இடத்தோட ஒரு நம்பர் காட்டும்!

நேர்க் கணக்குல சின்னப் பிழை சின்னதாவே இருக்கும். தலைகீழ்க் கணக்குல அது ஊதிப் பெருசாகும். காரணம் இயற்கையிலேயே இருக்கு. வெப்பம் ஒரு காப்பு வழியா ஊடுருவும்போது கூர்மையா நடந்ததை எல்லாம் மழுங்கடிச்சுட்டுத்தான் அந்தப் பக்கம் வரும். நம்ம 25 மில்லிமீட்டர் தெர்மாகோல்ல ஒரு மாற்றம் ஊடுருவ எட்டு நிமிஷம் மாதிரி ஆகும். அதைவிட வேகமா வெளியே நடந்தது எதுவும் உள்சுவர்ல தெளிவாத் தெரியாது. மழுங்கினதை வெச்சுக் கூர்மையானதைத் திரும்ப வரையணும்னா, அளவுல இருக்கிற இரைச்சலும் சேர்ந்து கூர்மையாகும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹடமார் 1902-லேயே இதுக்கு வரையறை சொல்லிட்டார்: நல்ல கணக்குன்னா விடை இருக்கணும், ஒண்ணே ஒண்ணா இருக்கணும், தரவு கொஞ்சம் மாறினா விடையும் கொஞ்சமே மாறணும். தலைகீழ் வெப்பக் கணக்கு பெரும்பாலும் கடைசி ரெண்டுலயும் ஃபெயில்.

ஃபெயில்னா விட்டுட மாட்டாங்க. எங்க ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 கிளம்பினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விக்ரம் லேண்டர்ல சேஸ்ட்னு ஒரு கருவி இருந்துச்சு. நிலவு மண்ணுக்குள்ள 10 சென்டிமீட்டர் வரைக்கும் இறங்கக்கூடிய ஒரு குச்சி. அதுல ஒண்ணு இல்லை, பத்து வெப்பநிலை சென்சார். வெளியான வரைபடத்துல மேற்பரப்புல 50 டிகிரிக்கு மேல, வெறும் 8 சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10-ஐ ஒட்டி. நிலவோட மேல்மண்ணே ஒரு தெர்மாகோல்தான்! பத்து சென்சார் எதுக்கு? வெவ்வேற ஆழத்துல வெப்பநிலை எப்படி மாறுதுங்கிற வடிவம் கிடைச்சாத்தான், மண் வெப்பத்தை எப்படிக் கடத்துதுன்னு பின்னோக்கிக் கணக்கிட முடியும். எங்கே வைக்கிறது, எத்தனை வைக்கிறதுன்னு அளக்கிறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்காங்க. நாம பெட்டியில எங்கே டேப் ஒட்டிச்சோ அங்கே சென்சாரை வெச்சுடுறோம்.

ட்ரிபிள்-ஈ நண்பர்களே, உங்க பக்கமும் இது இருக்கு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்ல வைண்டிங் வெப்பநிலை காட்டுற மீட்டர், பல இடங்கள்ல வைண்டிங்கைத் தொடுறதே இல்லை. எண்ணெயோட வெப்பநிலையை எடுத்து, லோடு கரண்ட்டுக்கு ஏத்த மாதிரி ஒரு குட்டி ஹீட்டரால அதைக் கொஞ்சம் உயர்த்தி, "உள்ளே இவ்வளவு இருக்கும்"னு ஊகிச்சுக் காட்டுது. அந்த ஊகம் எவ்வளவு சரிங்கிறதை நம்பித்தான் லோடு ஏத்துறாங்க. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியும் அப்படித்தான். சென்சார் செல்லுக்கு வெளியே ஒட்டியிருக்கும், சூடு உள்ளே பிறக்கும்.

இதுக்கு ரெண்டு எதிர்வாதம் வரும்னு எனக்குத் தெரியும். ஒண்ணு, "எம்டெக், பிஎச்டி விஷயத்தை எல்லாம் பிஇ-ல ஏன் இழுக்கிறே?" ஆழமான கணிதம் அங்கேயே இருக்கட்டும். ஆனா ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள்ள ஒரு பேட்ச் தெரியாம ஒரு பல்பை ஒளிச்சு வைக்கிறதுக்கும், இன்னொரு பேட்ச் அது எத்தனை வாட்னு கண்டுபிடிக்கிறதுக்கும் பிஎச்டி வேண்டாம். முதல்ல தெரிஞ்ச 10 வாட் ஹீட்டரை வைங்க. உள்ளே வெளியைவிட 20 டிகிரி ஏறுச்சுன்னா, டிகிரிக்கு அரை வாட். அப்புறம் ஒளிச்ச பல்பு 34 டிகிரி ஏத்துச்சுன்னா அது 17 வாட். சென்சார் பிழையைச் சேர்த்தா மோசமா போனா ஒன்றரை வாட் முன்னே பின்னே. இதை ஒரு மதியம் லேப்ல முடிச்சுடலாம். "பல்பு பெட்டிக்குள்ள எந்த மூலையில இருக்கு?"ன்னு அடுத்துக் கேட்டா, ஒரே சென்சாரால பதில் சொல்ல முடியாதுன்னு புரியும். அந்தப் புரிதல் எந்த வைவா கேள்வியிலயும் கிடைக்காது.

ரெண்டாவது எதிர்வாதம், "ஐஸ் எப்படிப் போடணும்னு மீனவர்களுக்கே தெரியும், நீ என்ன புதுசா சொல்லப் போறே?" பாதி உண்மை. எந்தத் தூரத்துக்கு எவ்வளவு ஐஸ்னு அவங்க கைக்குத் தெரியும். ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு ஐஸ்னு போடுறதும் தெரியும். அதனாலதான் "உள்ளே 0 டிகிரி இருக்கு"ன்னு போன்ல காட்டுறது அவங்களுக்கு எந்த உதவியும் இல்லை. ஆனா இப்படி ஒரு கேள்விக்கு நம்மால உதவ முடியும்: கையில இருக்கிற காசுக்குத் தடிமனான பெட்டி வாங்குறதா, வேற ஏதாவது மாத்துறதா? நம்ம கணக்குப்படி, சுவரை 50 மில்லிமீட்டர் ஆக்கினா எட்டு மணி நேரத்துல 3 கிலோ ஐஸ் மிச்சம். மீனை வெயில்ல போடாம நிழல்ல வெச்சு 5 டிகிரி குறைவா உள்ளே போட்டா, காசே செலவில்லாம 1 கிலோ மிச்சம். பெட்டியை வெயில்ல விட்டு வெளிச்சுவர் 45 டிகிரிக்கு ஏறினா, சுவர்க் கசிவு மூணுல ஒரு பங்குக்கு மேல கூடும். நாலு பெட்டியில நிஜமா தண்ணி வடிச்சு எடை போட்டா இந்த நம்பர்கள் மாறும். மாறட்டும். அதுதானே ப்ராஜெக்ட்!

அதனால துறைத்தலைவர்கள்கிட்டயும், ரிவ்யூ பேனல்கள்ல உட்கார்ற பேராசிரியர்கள்கிட்டயும் என் வேண்டுகோள் சின்னது. ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப்ல ஒரே ஒரு தலைகீழ்ச் சோதனை சேருங்க. ரிவ்யூவுல "ஆப் எங்கே?"ன்னு கேட்கிறதுக்குப் பதிலா, "இந்த நம்பர் எவ்வளவு தப்பா இருக்கலாம்? இதே ரீடிங் வேற எந்தக் காரணத்தால வந்திருக்கலாம்?"னு கேளுங்க.

ஜூனியர்களே, உங்ககிட்ட கேட்கிறது இன்னும் சின்னது. டைட்டில் கொடுக்க இன்னும் நாள் இருக்கு. ஆன்லைன்ல சென்சார் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, ஒரு காலையில மீன் ஏலம் போடுற கரைக்குப் போங்க. ஒரு ஐஸ் பெட்டிக்காரர்கிட்ட அனுமதி கேட்டு, பெட்டிக்கு அடியில ஒரு பக்கெட் வைங்க. ஒரு மணி நேரத்துல ஒரு கிலோ தண்ணி வடிஞ்சா, அங்கே 93 வாட் வெப்பம் எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கு. எங்கிருந்துன்னு சொல்ல முடிஞ்சா, உங்க ப்ராஜெக்ட் தயார்.